வீடு வாங்கும் முன் ஒரு கவுண்டியின் இயற்கைப் பேரிடர் அபாயத்தை எப்படிப் பார்ப்பது?

கேட்டவர்: தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸஸுக்குக் குடிவருகிறோம். கணவருக்கு ஹூஸ்டனின் மேற்குப் பக்கத்தில் வேலை. இரண்டு குழந்தைகள், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது, தினமும் இன்சுலின் போடுகிறார்.

2015 டிசம்பரில் அம்மா சென்னை முடிச்சூரில் இருந்தார். அடையாற்றுத் தண்ணீர் தரைத்தளம் முழுக்க ஏறி, பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அதனால் நான் எந்த வீட்டின் படத்தைக் காட்டினாலும் சமையலறையைப் பற்றிக் கேட்பதில்லை. "இங்கே தண்ணீர் வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார். அவருக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்று வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் முகவரியில் கேட்டி என்ற ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, வேறு வேறு. ஒன்று ஹாரிஸ் கவுண்டி (2004இல் கட்டியது), ஒன்று ஃபோர்ட் பெண்ட் கவுண்டி (1998), மூன்றாவது வாலர் கவுண்டியில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் புது வீடு. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் தேசிய இடர் குறியீட்டில் தேடினேன். ஹாரிஸுக்கு "மிக அதிகம்" என்று வருகிறது. அதைப் பார்த்ததும் கணவர் ஹாரிஸ் வேண்டாம், ஃபோர்ட் பெண்ட் வீட்டையே முடித்துவிடலாம் என்கிறார். ஏஜென்ட்டைக் கேட்டால், "மூன்றுமே எக்ஸ் மண்டலம், வெள்ளக் காப்பீடே தேவையில்லை" என்கிறார். ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதியாம் அது.

கவுண்டி வாரியாகப் பார்த்து முடிவெடுப்பது சரியா? எக்ஸ் மண்டலம் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மழைமானி

நான் ஹாரிஸ் கவுண்டியில் 22 வருடமாக இருக்கிறேன். வேலையே மனைப்பிரிவுகளுக்கு மழைநீர் வடிகால் வரைவதுதான். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை நான் வீடு வாங்கும்போது யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் அந்தக் குறியீடு. அது என்ன கணக்கு என்று தெரியாமல் அதை வைத்து வீட்டைத் தள்ளாதீர்கள். ஒரு கவுண்டியில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு இழப்பு வரலாம் என்று டாலரில் கணக்கிடுகிறார்கள். கட்டடம், பயிர், உயிரிழப்பு மூன்றையும் டாலராக மாற்றிக் கூட்டுவார்கள். அப்புறம் அந்த மக்கள் எவ்வளவு நலிந்தவர்கள், அடிபட்டால் எழுந்து நிற்க அந்த ஊருக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதை வைத்து அந்தத் தொகையைக் கூட்டிக் குறைப்பார்கள். அடிப்படை மொத்த இழப்பு என்பதால், எங்கே ஆளும் வீடும் அதிகமோ அங்கே எண்ணும் பெரிதாகும். ஹாரிஸில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர். நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். இதே டெக்ஸஸில் லவிங் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் அங்கே மொத்தம் 64 பேர். அங்கே எவ்வளவு பெரிய சூறாவளி வந்தாலும் டாலர் கணக்கில் சிறிய தொகைதான் வரும். அதனால் அங்கிருக்கும் ஒரு வீட்டின் கூரை பறக்காது என்று ஆகிவிடுமா?

ஆக, "மிக அதிகம்" என்பது கவுண்டி நிர்வாகத்துக்கும், நிதி ஒதுக்குகிறவர்களுக்கும் உதவும் செய்தி. உங்கள் வீட்டு வாசற்படியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உள்ளே போய், 18 வகைப் பேரிடர்களில் எது எது இந்த இடத்துக்கு என்று தனித்தனியாகப் பாருங்கள். நியூ ஜெர்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே புயலும் வெள்ளமும் மட்டும்தான் மனதில் இருக்கும். சுழற்காற்று, ஆலங்கட்டி, கடும் வெயில், கடும் குளிர் எல்லாம் அதில் தெரியும். கவுண்டிக்குக் கீழே கணக்கெடுப்பு வட்டம் வரைக்கும் இறங்கலாம். ஆனால் ஒரு வட்டத்திலேயே சராசரியாக 4,000 பேர் இருப்பார்கள். அதற்குக் கீழே நாம்தான் இறங்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். 2009இல் வீடு வாங்கினேன். எக்ஸ் மண்டலம். உங்கள் ஏஜென்ட் சொன்ன அதே வாக்கியத்தை எனக்கும் ஒருவர் சொன்னார். இந்தத் தொழிலில் இருக்கும் நானே அதை நம்பிக் காப்பீடு எடுக்கவில்லை. 2016 ஏப்ரல் 18 அதிகாலை, இங்கே "வரி நாள் வெள்ளம்" என்பார்கள், நான்கு மணிக்கு என் மனைவி எழுப்பினார். படுக்கையிலிருந்து காலை வைத்தால் கம்பளம் சதக் என்றது. விடிவதற்குள் ஏழு அங்குலம். ஆறும் உடையவில்லை, ஓடையும் கரை தாண்டவில்லை. பக்கத்து ஓடை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். வந்தது முழுக்கத் தெருவில் பெய்த மழை.

இது எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே தெருவுக்கடியில் போகும் மழைநீர்க் குழாய்களைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழைக்குத்தான் போடுகிறார்கள். அதற்கு மேல் வரும் தண்ணீரைத் தெருவே தொட்டி மாதிரித் தாங்க வேண்டும், அதையும் தாண்டினால் பள்ளமான பக்கமாக வழிந்து ஓடையில் சேர வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. தெருவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது வழிந்து போகும் பாதை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவின் மிகத் தாழ்ந்த இடம் என் வீட்டு வாசல். தண்ணீர் வழிய வேண்டிய பாதை எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே. அங்கே யாரோ எப்போதோ மண் கொட்டி உயர்த்தி வேலி போட்டிருந்தார்கள். வாங்கும்போது அந்த வேலியை நான் அழகு என்று நினைத்தேன்.

அன்றைக்கு நனைந்ததில் பாதி, ஊரிலிருந்து கொண்டுவந்த கல்யாண ஆல்பமும் அப்பா கையால் எழுதிய கணக்கு நோட்டுகளும். சுவரை நான்கு அடி உயரத்துக்கு வெட்டி எடுத்து, உள்ளே பஞ்சை உருவி, மூன்று வாரம் விசிறி வைத்துக் காய வைத்தோம். செலவு முழுக்க எங்கள் கைக்காசு.

இப்போது எக்ஸ் மண்டலம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஃபீமா வரைபடம் பெரும்பாலும் ஆறு, ஓடை, கடல் வழியாக வரும் வெள்ளத்தைத்தான் காட்டும். தெருவில் தேங்கும் மழை அதில் அநேகமாக இல்லை. "100 ஆண்டு வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருடக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. எக்ஸ் மண்டலத்திலும் இரண்டு உண்டு. நிழலிட்ட எக்ஸ் என்றால் பெரும்பாலும் 100 ஆண்டுக் கோட்டுக்கும் 500 ஆண்டுக் கோட்டுக்கும் நடுவே இருக்கிறது. நிழலிடாதது அதற்கும் வெளியே. உங்கள் மூன்று வீடுகளும் எந்த எக்ஸ் என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

இன்னொன்று, அந்த 1 சதவீத மழையின் அளவே மாறியிருக்கிறது. 2018இல் அட்லஸ் 14 என்ற மழைக் கணக்கு டெக்ஸஸுக்கு வந்தது. ஹூஸ்டன் பகுதியில் 100 ஆண்டு மழை ஒரு நாளில் 13 அங்குலம் என்று வைத்துத்தான் அதுவரை வடிகால் வரைந்துகொண்டிருந்தோம். புதுக் கணக்கில் பல இடங்களில் அது 18 அங்குலத்தை நெருங்கியது. நான் வரைந்த பழைய வடிகால்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது மனது கஷ்டப்பட்டது. உங்கள் 2004 வீடும் 1998 வீடும் பழைய கணக்கில் கட்டியவை. பார்க்கும் வரைபடத்தின் ஓரத்தில் அது நடைமுறைக்கு வந்த தேதி இருக்கும், பாருங்கள்.

2017 ஆகஸ்ட் ஹார்வி புயலில் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு 100 ஆண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்த வீடுகள். நான் மட்டும் ஏமாந்தவன் இல்லை என்று அப்போது தெரிந்தது. அதில் எந்த ஆறுதலும் இல்லை.

அடுத்து ஃபோர்ட் பெண்ட் வீடு. இதைப் படித்ததும்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கேட்டிக்குக் கிழக்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் உண்டு. 1935 வெள்ளத்துக்குப் பிறகு, ஹூஸ்டன் நகரத்தைக் காப்பாற்ற இராணுவப் பொறியாளர் படை 1940களில் கட்டியது. சாதாரண நாளில் போனால் ஏரி என்றே தெரியாது. புல்லும் மரமும் பூங்காவுமாக இருக்கும். பெருமழையில்தான் நிரம்பும். நிரம்பும்போது தண்ணீர் எதுவரை நிற்க முடியுமோ அதுவரைக்கும் அரசு நிலம் வாங்கவில்லை. மீதி இடத்தில் பின்னாட்களில் மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. நம் வார்த்தையில் சொன்னால் ஏரி உள்வாயில் வீடு. ஹார்வியில் பார்க்கர் நிரம்பி அந்த வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அவற்றில் பல வீடுகள் வரைபடத்தில் 100 ஆண்டு வெள்ளக் கோட்டுக்கு வெளியே இருந்தவை.

ஃபோர்ட் பெண்டில் சில மனைப்பிரிவு வரைபடங்களிலேயே, நீர்த்தேக்கம் நிரம்பினால் இந்த இடம் நீண்ட நேரம் தண்ணீரில் நிற்கலாம் என்று குறிப்பு போட்டிருந்தார்கள். வாங்குகிறவர் கைக்கு அந்தத் தாள் வருவதே அபூர்வம். கவுண்டி கிளார்க் அலுவலகப் பதிவில் மனைப்பிரிவின் பெயரைப் போட்டால் கிடைக்கும். எடுத்து ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். உங்கள் வீடு அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1998, கேட்டி, ஃபோர்ட் பெண்ட் என்று மூன்றும் சேர்ந்தால் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்கிறேன்.

விற்பவர் தரும் விவரப் படிவத்தைக் கேளுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்ஸஸ் சட்டப்படி அதில் வெள்ளம் பற்றி விரிவான கேள்விகள் உண்டு: முன்பு தண்ணீர் புகுந்ததா, காப்பீட்டில் இழப்பீடு கேட்டதுண்டா, 100 ஆண்டுப் பரப்பா, 500 ஆண்டுப் பரப்பா, நீர்த்தேக்கத்தின் தேங்குபரப்பில் இருக்கிறதா. ஆனால் யாரும் குடியேறாத புது வீட்டுக்கு இந்தப் படிவம் கட்டாயமில்லை. ஆக வாலர் வீட்டுக்கு உங்களிடம் யாரும் எதுவும் தர மாட்டார்கள். அங்கே மனைப்பிரிவின் வடிகால் அறிக்கையைக் கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள். எந்த மழைக் கணக்கில் வரைந்தது, பழையதா அட்லஸ் 14ஆ என்று முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.

கவுண்டியைப் பற்றியே தெரிந்துகொள்ள இரண்டு இடங்கள். ஒன்று கவுண்டியின் பேரிடர்த் தணிப்புத் திட்டம். 2000ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, தணிப்பு நிதி வேண்டுமானால் ஒவ்வொரு கவுண்டியும் இதை எழுதி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் என்று மிரள வேண்டாம். முன்பு நடந்தவற்றின் பட்டியலையும், திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மாட்டும் சொத்துகள் எந்தப் பகுதியில் அதிகம் என்பதையும் மட்டும் படியுங்கள். இன்னொன்று அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் புயல் நிகழ்வுத் தரவுத்தளம். கவுண்டி பெயரைப் போட்டால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரும். சுழற்காற்று 1950 முதல் இருக்கிறது, மற்ற பெரும்பாலான வகைகள் 1996 முதல்தான். 1996க்கு முன்னால் வெள்ளமே வரவில்லை போலிருக்கிறதே என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார், அதனால் சொல்கிறேன்.

கடைசியாக, மழை பெய்யும் நாளில் போய் அந்தத் தெருவில் நில்லுங்கள். எந்தத் தாளும் அதற்கு ஈடில்லை.

பதில் 2: செந்தாழை

மழைமானி சார் எழுதியதோடு காப்பீட்டுப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். ஒன்பது வருடமாக இந்தத் துறையில்தான் இருக்கிறேன்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது. இதை எத்தனை முறை சொன்னாலும், தண்ணீர் வடிந்த பிறகு போன் செய்து "எங்களிடம் பாலிசி இருக்கிறதே" என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர். பொருட்களுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் செல்லும். வளைகுடாவில் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தும் பயனில்லை என்பதன் காரணம் இதுதான். வீடு வாங்கக் கடன் எடுக்கும்போது அதோடு சேர்த்து எடுத்தால் பொதுவாக இந்தக் காத்திருப்பு இருக்காது.

உங்கள் கேள்விக்கு நேராக உதவும் ஒரு விஷயம். 2021 அக்டோபர் முதல் இந்தத் திட்டத்தின் பிரீமியம் மண்டலத்தை வைத்து முடிவாவதில்லை. அந்த வீடு தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், தளம் எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆகவே வீட்டுக்கு விலை பேசும் முன்பே மூன்று முகவரிக்கும் பிரீமியம் கேளுங்கள். ஒன்றுக்கு மற்ற இரண்டைவிட மிக அதிகமாக வந்தால் ஏன் என்று விசாரியுங்கள். விற்பவரிடம் ஏற்கெனவே வெள்ளப் பாலிசி இருந்தால் அதையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். சில நேரம் அது மலிவாக இருக்கும்.

காற்றையும் ஆலங்கட்டியையும் மறக்காதீர்கள். இங்கே அதற்குத் தனிக் கழிவுத்தொகை, சதவீதமாக. 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கூரை மாற்றும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

பதில் 3: நீலமலை

நான் டெக்ஸஸ் இல்லை, வட கரோலினாவில் பங்கம் கவுண்டி, ஆஷ்வில் பக்கம். ஆனாலும் கவுண்டி வாரியாகப் பார்க்கலாமா என்ற கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் இங்கே வந்ததே பாதுகாப்பு என்று நினைத்துத்தான். கடலிலிருந்து ஏறக்குறைய 250 மைல், 2,000 அடி உயரம், வெயில் குறைவு. 2024 செப்டம்பர் 27 காலை ஹெலீன் வந்தது. புயலுக்கு முந்தைய இரண்டு நாளும் கொட்டிய மழையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. ஸ்வானனோவா ஆறும் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறும் ஏறின, மலைச்சரிவுகள் இறங்கின. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. கீழே வளைவில் இருந்த வீட்டை மண் அப்படியே சாலைக்குத் தள்ளியது. அந்த வீட்டில் யாரும் இல்லாமல் இருந்தது கடவுள் புண்ணியம். ஆஷ்வில் நகரில் குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் வர 53 நாள் ஆனது.

அப்புறம்தான் பழையதைப் படித்தேன். 1916 ஜூலையிலும் இதே ஆறுகள் இப்படி ஏறியிருக்கின்றன. அப்போதும் முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்திருக்கிறது. மழைமானி சொன்ன 1996 தரவில் இது எப்படி வரும்? உள்ளூர் நூலகத்தில் பழைய புகைப்படங்கள் சுவரிலேயே மாட்டியிருக்கின்றன. ஆறு வருடம் அவற்றைத் தாண்டிப் போய்க் குழந்தைக்குக் கதைப் புத்தகம் எடுத்திருக்கிறேன்.

நிலச்சரிவுக்கும் வரைபடம் உண்டு. 2004இல் பிரான்சஸ், ஐவன் என்று இரண்டு புயல்கள் பத்து நாள் இடைவெளியில் இந்த மலைகளை அடித்தன. அடுத்த வருடமே மாநிலப் புவியியல் துறை கவுண்டி கவுண்டியாக வரைய ஆரம்பித்தது. 2011இல் நிறுத்திவிட்டார்கள், 2018இல்தான் மறுபடி தொடங்கினார்கள். ஆகவே ஒரு கவுண்டிக்கு வரைபடம் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

உங்கள் புது ஊரில் 60 வருடம் இருந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். எங்கள் தெருவில் 84 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மா சொன்னதை வைத்து, தண்ணீர் எந்தப் பாலம் வரைக்கும் வரும் என்று முந்தின நாளே சொன்னார். அதைக் கேட்டு வண்டியை மேலே ஏற்றி நிறுத்தினோம்.

தாமிரபரணி (திரும்ப வந்து)

மூவருக்கும் நன்றி. மழைமானி அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். வேலி பற்றிய இடத்தில் நிறுத்தி, மறுபடி படி என்றார்.

பத்து நாளில் செய்ததைச் சொல்கிறேன். ஃபோர்ட் பெண்ட் வீட்டுக்கு விற்பவர் படிவம் கேட்டோம். நான்கு நாள் இழுத்தடித்துத் தந்தார்கள். தேங்குபரப்பு என்ற கேள்விக்கு "ஆம்". முன்பு தண்ணீர் புகுந்ததா என்பதற்கும் "ஆம்", 2017. வீடு முழுக்கப் புதிதாகச் சரி செய்து, புதுத் தரை, புதுச் சுவர் என்று அவ்வளவு அழகாக இருந்தது. மனைப்பிரிவு வரைபடத்தையும் எடுத்தோம், ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. கணவர் அந்தத் தாளை நீண்ட நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் தேர்ந்தெடுத்த வீடு அது. விட்டுவிட்டோம்.

ஹாரிஸ் வீட்டில் 2016லும் 2017லும் உள்ளே தண்ணீர் வரவில்லை என்று எழுதித் தந்திருக்கிறார்கள். நிழலிடாத எக்ஸ். செந்தாழை அக்கா சொன்னபடி பிரீமியம் கேட்டேன். மூன்றில் இதற்குத்தான் குறைவு. "மிக அதிகம்" என்று பயந்த கவுண்டியில் இருக்கும் வீடு இது. வாலர் கட்டுநரிடம் வடிகால் அறிக்கை கேட்டு இன்னும் பதில் இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அம்மாவின் இன்சுலின். மின்சாரம் போனால் என்ன செய்வது? அதையும் பேரிடர் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

மழைமானி

கட்டாயம் சேருங்கள். நான் தண்ணீர்க்காரன், தண்ணீரையே பேசிவிட்டேன். உங்கள் வீட்டில் முதலில் ஆபத்துக்கு ஆளாகிறவர் அம்மா, அதுவும் தண்ணீரால் என்று அவசியமில்லை. 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்ஸஸில் 246 பேர் இறந்ததாக மாநிலமே கணக்குச் சொன்னது. பெரும்பாலோர் உறைகுளிரில் இறந்தவர்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து போன பிறகு ஹூஸ்டன் பகுதியில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். ஜூலை வெயில் எப்படி என்று நீங்கள் வந்துதான் பார்க்கப் போகிறீர்கள். கூரை பறக்காத வீட்டில்கூட முதியவர்களுக்கு அந்த வாரம் ஆபத்தாகத்தான் இருந்தது.

டெக்ஸஸில் மாநில அவசர உதவிப் பதிவு என்று ஒன்று உண்டு. 211க்குப் போன் செய்து அம்மாவின் பெயரைச் சேர்க்கலாம். பதிந்துவிட்டால் யாராவது வந்தே தீருவார்கள் என்று எண்ண வேண்டாம், அப்படி உறுதி எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அவசர ஊழியர்கள் கையில் விவரம் இருப்பது நல்லது. இன்சுலினுக்கு ஒரு குளிர்ப்பெட்டியும், மருத்துவரிடம் கேட்டு உபரி மருந்தும். ஜெனரேட்டர் வாங்கினால் ஒருபோதும் கராஜில் ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. 2021இல் அந்தப் புகையிலேயே உயிர் விட்டவர்கள் உண்டு. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.

ஹாரிஸ் வீட்டைப் பற்றி ஒன்று. தெருவின் தாழ்ந்த இடம் எது, உங்கள் தளம் அதைவிட எவ்வளவு உயரம் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ஆய்வாளர் வரும் நாளில் அதை அளந்து தரச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியின் அடியில் தண்ணீர் போக இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

தாமிரபரணி

சரி அண்ணா. அடுத்த வாரம் வீடு பார்க்க நானும் அம்மாவும் விமானம் ஏறுகிறோம். வியாழனும் வெள்ளியும் இடியோடு மழை என்று போட்டிருக்கிறது. தள்ளிப் போடலாமா என்று ஏஜென்ட் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா ரப்பர் செருப்பு எடுத்து வைத்துவிட்டார்.